அரை இஞ்சி

ஏழு செத்துக் கிடந்தன.
தின்னக்கூட இல்லை.
கழுத்தை மட்டும் வலைக்கு வெளியே இழுத்துக் கடித்துவிட்டு
மிச்சத்தை எங்களிடம் விட்டுப் போயிருந்தது மரநாய்.

கோழிவலை கோழியை உள்ளே வைக்கும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
வெளியே நிற்பதை வெளியிலேயே வைக்க
வேறு வலை வேண்டும் என்று
அன்று காலை படித்தேன்,
ஏழையும் ஒரே குழியில் போட்டு மூடியபின்.

சீட்டுக்காசு ஆறாயிரம்.
பஸ்காசு வேறாய் முடிந்துகொண்டு ஏறாவூருக்குப் போனேன்.
நிஸ்தார் காக்காவின் கடையில்
பற்றவைத்த கம்பிவலை, அரை இஞ்சிக் கண்,
அடி நானூற்றிருபது.
"ஒரு இஞ்சிய எடுங்களன், பாதி விலைதான்."
கண்ணுக்குள் பெருவிரலை விட்டேன், போனது.
என் விரல் போனால் சாரை போகும்,
கீரிக்குட்டி தலையை விடும்.
அரை இஞ்சியில் விட்டேன்,
நகத்தோடு நின்றது.
பன்னிரண்டடி வெட்டச் சொன்னேன்.

ஆணி, பிணைச்சல், கொண்டி இரண்டு.
முந்நூற்று நாற்பது குறைந்தது.
கொப்பியில் எழுதினார்,
என் பெயர் கேட்காமல்
"சித்தாண்டி கோழி" என்று.

மரத்துக்குக் காசில்லை.
வேலியில் சீமைக்கிளுவைக் கதியால் நாலு வெட்டினேன்.
உயரம் எவ்வளவென்று யாரையும் கேட்கவில்லை,
எங்களூரில் அதைச் சுவரே சொல்லும்:
போன மாரி வெள்ளம் நின்ற மண்கோடு,
அதற்கு மேல் ஒரு முழம்.

கோசலா தன் பழைய கக்கூஸ் தகரத்தைத் தந்தாள்.
ஆணி ஓட்டை பதினாறு,
பதினாறுக்கும் தார்.
எரிந்துபோன ஃபேன் இரண்டின் முகங்கள் சன்னலாயின,
அவற்றுக்குப் பின்னாலும் வலை.
காற்று ஓடாத கூட்டில்
எச்சத்தின் காரம் முதலில் நம் கண்ணைக் குத்தும்,
பிறகு கோழி தும்மும்.
தரைக்குக் கமுகஞ் சலாகை, விரல் இடைவெளி விட்டு.
விழுவது கீழே சாக்கில் விழட்டும்,
மிளகாய்க் கன்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

ரெஜிபோம் பெட்டியில் முட்டையிட வைத்தது பிழை.
ஒரே நாளில் கொத்தி
முற்றமெல்லாம் வெள்ளை மணிகள்.
இப்போது ஓட்டைத் தாச்சியில் வைக்கோல்.

கட்டாரிலிருந்து புவிதரன் வீடியோவில் பார்த்தார்.
"என்னப்பா, இது கூடா, கச்சேரியா?
ஒரு கதவுக்கு ரெண்டு கொண்டி எதுக்கு?"
ஒண்டத் தட்டித் திறக்கும்,
மரநாய்க்குக் கையிருக்கு, என்றேன்.
சிரித்தார்.
சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் திரும்பி
எங்கள் குசினிக் கதவும் அவருக்குத் தெரிந்தது.
கயிற்றால் கட்டிய கதவு.

கொஞ்ச நேரம் லைனில் காற்று மட்டும் கேட்டது.
"சாப்பிட்டியா?" என்றார்.

கார்த்திகையில் மழை பிடித்தது.
கறையானுக்கென்று
ஓட்டோ கராச்சில் வாங்கிய கழிவொயில்
மூன்று காலுக்குத்தான் கண்டது.
நாலாவதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

மூன்றாம் இரவு சுரண்டும் சத்தம்.
டோர்ச் அடித்தேன்.
மழைக்குள் இரண்டு கண்கள்
என்னைப் பார்த்தன,
கொண்டியைப் பார்த்தன,
திரும்பவும் என்னை.
நான் குசினிக் கயிற்றை
இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடியச் சேற்றில் அடிகள்.
கூட்டைச் சுற்றி மூன்று வட்டம்,
சன்னலடியில் நெடுநேரம் நின்ற குழி,
பிறகு வேலிப்பக்கம்.
கதவைத் திறந்து எண்ணினேன். நாலு.
இன்னொருக்கால் எண்ணினேன்.
புள்ளிக்கோழி என் காலை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனது,
ஒன்றும் நடக்காதது போல.

ஒயில் பூசாத கால் துளிர்த்திருந்தது.
பெருவிரலளவு பச்சை,
ஈரம் உலராமல்.
கூட்டுக்கு ஒரு கால் வளர்ந்தால் கூடு சரியும்,
கிள்ளினால் ஆடு தின்னும்.
கத்தியோடு நிற்கிறேன்,
தேத்தண்ணி உள்ளே ஆறுகிறது.