விட்டுவைத்த இடம்

தோட்டைக் கழற்றச் சொன்னேன்.
இடது பக்கம் கொஞ்சம் தகராறு.
காதின் மேல்வளைவு வெந்த இறால் நிறத்தில்
வீங்கிப் பளபளத்தது.
தோடு தொங்குகிற கீழ்மடல் மட்டும்
சங்கதி தெரியாத விருந்தாளி மாதிரி
சும்மா இருந்தது.

சீட்டில்: அஞ்சலாட்சி, நாற்பத்தேழு, சோனாங்குப்பம்.
ஏழு மாதமாகக் குரல் கம்மல்,
படுத்தால் மூச்சில் விசில்.
மீதியை மகன் சொன்னான்.
அம்மா கடலூர் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள்.
விடியாத நாலு மணிக்கு வாயைத் திறந்தால்
ஐஸ் லாரி வரைக்கும் விலை போய்ச் சேரும்.
போன வருஷம் காது சிவந்தபோது பூச்சிக்கடி என்றார்கள்,
தானாக வடிந்தது.
பொங்கலுக்குப் பிறகு மூக்கு.
அதுவும் வடிந்தது, தண்டு மட்டும் கொஞ்சம்
உட்கார்ந்துவிட்டது.
அப்புறம் தொண்டை.
"இப்ப கூடையத் தட்டித்தான் சார் ஏலம் வுடுது."

எங்கள் ஸ்கேன் இயந்திரத்துக்குச் சொந்தமாக ஒரு குரல் உண்டு.
இந்தியில் அதட்டும்.
அதை அணைத்துவிட்டு மைக்கில் நானே சொல்வேன்:
மூச்ச இழுங்க. அடக்குங்க.
எச்சில் விழுங்காதீங்க.
விழுங்காதே என்றதும்தான்
வாயெல்லாம் ஊறும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஊறும்,
பதினோரு வருஷமாக.

முதல் சுற்று, மூச்சு உள்ளே.
கழுத்து ஒவ்வொரு மில்லிமீட்டராகத்
திரையில் இறங்கியது.
நாக்கின் அடி, குரல்வளை மூடி,
அதற்குக் கீழே தடித்துப்போன வளையங்கள்.
இரண்டாம் சுற்று, மூச்சு வெளியே.
குழாய்
மிதித்த பப்பாளிக் காம்பாக ஒட்டிக்கொண்டது.
நடுவில் கறுப்பாக ஒரு கீற்று.
அந்தக் கீற்றை வைத்துக்கொண்டுதான்
ரெட்டிச்சாவடி, கன்னியகோயில் என்று
கோரிமேடு வரைக்கும்
பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

மூன்றாவதற்கு ஈ என்று இழுக்க வேண்டும்.
"ஈ சொல்லுங்கம்மா, நிறுத்தாம."
ஒலிபெருக்கியில் வெறும் காற்று.
பிறகு:
"ஈ வரல தம்பி. ஏலம் சொல்லட்டா?"

அப்படியெல்லாம் முறை கிடையாது.
தாடை அசையும், படம் கலங்கும்.
சொல்லுங்க என்றேன்.

சங்கரா ஒரு கூடை, ஆயிரத்து எரநூறு,
எரநூறு, எரநூறு, எரநூத்தம்பது...
அம்மி ஓரத்தில் கத்தி உரசுகிற சத்தம்.
திரையில் குரல்நாண்கள் இரண்டும்
கிட்டே வந்து, தொட்டு, விலகி,
மறுபடி கிட்டே வந்தன.
அப்புறம் எல்லாம் கலங்கிவிட்டது.
யாருக்கும் உபயோகமில்லாத படம்.
அழிக்காமல் வைத்தேன்.
அதற்குப் பிறகு ஈ வந்தது,
ஒழுங்காக, ஆறு விநாடி.

டாக்டர் மதலேன் வந்தார், கையில் பாதி சமோசா.
தடித்த இடங்களை அவர் பார்க்கவே இல்லை.
சுட்டியை மூச்சுக்குழாயின் பின்சுவரில் நிறுத்தினார்.
"இங்க பாருங்க செங்குட்டுவன். சுத்தமா இருக்கு."
முன்னாலும் பக்கங்களிலும் லாடம் போல வீக்கம்,
குருத்தெலும்பு இருக்கிற இடமெல்லாம்.
பின்னால் அது கிடையாது, வெறும் சவ்வு.
அங்கே நோய் எட்டியும் பார்க்கவில்லை.
குருத்தெலும்பை மட்டும் தேடித் தின்கிற நோய்,
என் சர்வீஸில் இது ரெண்டாவது என்றார்.
தின்னாமல் விட்ட இடத்தை வைத்துத்தான்
ஆளைப் பிடிக்க வேண்டுமாம்.
சமோசாவை முடித்துவிட்டு
அவசரம் என்று எழுதினார்.

எனக்கு அந்தக் காதுமடல் ஞாபகம் வந்தது.
முதலிலேயே சொல்லியிருக்கிறது.
நான் தோட்டைத்தான் பார்த்தேன்.

வெளியே அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
"என்னா தெரிஞ்சுது?"
"டாக்டர் சொல்லுவாங்க."
எனக்கு அனுமதியுள்ள ஒரே வாக்கியம்.
அது வரும்போது என் தொண்டையிலும்
கொஞ்சம் காற்றுதான் வருகிறது.

எண் ஒட்டிய கவரில் தோட்டைக் கொடுத்தேன்.
மகன் கை நீட்டினான், கொடுக்கவில்லை.
கண்ணாடி பார்க்காமல் அவளே மாட்டித்
திருகாணியை முடுக்கினாள்.
வாசலில் திரும்பி நின்று,
உதட்டை அதிகமாக அசைத்து,
"எரநூத்தம்பதோட நிக்குது தம்பி.
மேல கேக்கற ஆளு இருக்கா?"

எச்சில் விழுங்கினேன்.

அடுத்த சீட்டு:
முழங்கால், வலது, பைக்கில் விழுந்தது.