நூறிலிருந்து ஏழு

ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில்
"எலிலரசி" என்று கூப்பிட்டாள் சைத்ரா.
ழகரம் வழுக்கும் ஊரில்
இருபத்தொன்பது வருஷமாக நான் எலிகளுக்கு அரசி.
எழுந்து போனேன்.

கெண்டைக்கால் மயிரை மழித்தாள்,
ஸ்பிரிட் தடவினாள், சில்லென்றது.
எட்டுப் பட்டைகள், எட்டு ஒயர்கள்,
இடுப்பில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி.
"சும்மா நடங்க அக்கா."
சும்மா.
அந்தச் சொல்லை என் காலுக்கு
இதுவரை யாரும் அறிமுகப்படுத்தியதில்லை.

பத்து மீட்டர் நீல ரப்பர் விரிப்பு.
இடது குதிகால் வழக்கம்போல்
தரையோடு பேச்சில்லை.
வலது முட்டி இடது முட்டியை
உரசிவிட்டு மன்னிப்புக் கேட்கும்.
திரையில் பச்சைக் கோடுகள்
குந்துவதும் எழும்புவதுமாக இருந்தன.

"இப்போ நடந்துக்கிட்டே
நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க."

தொண்ணூற்று மூன்று.
கணக்கு வருவது தமிழில்
சொல்வது இங்கிலீஷில்
கண் மட்டும் விரிப்பின் விளிம்பில்.
எண்பத்தாறு.
பாதத்தைத் தூக்கும் தசை இழுத்தால்
கெண்டை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் முறை.
என்னுடையவை இரண்டும்
ஒரே குழாயடியில் ஒரே நேரம் குடம் வைத்தவை.
எழுபத்தொன்பது.
எழுபத்து

நின்றுவிட்டேன்.
"நிக்கக்கூடாது அக்கா."
"எழுபத்திரண்டு" என்றேன் நின்றபடி,
மிகச் சரியாக.

இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வதற்கான
சோதனையாம் இது.
நடப்பதை ஒரு வேலை என்று
யார் எண்ணிக் கொடுத்தார்கள் இவர்களிடம்?
(கேட்கவில்லை. அப்போது நடந்துகொண்டிருந்தேன்.)

சைத்ரா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
"பாருங்க, நீங்க யோசிச்ச இடம்."
எழுபத்தொன்பதுக்குப் பிறகு
கெண்டைக்கால் கோடு அடர்ந்து போய்
இறங்கவே இல்லை.
வாயில் ஒரு சொல்லும் இல்லாத நேரம் அது.
காலில் அத்தனை சத்தம்.

எனக்கு அந்த இடம் தெரியும்.

போன பிப்ரவரி. கோல்ஸ் பார்க்கை ஒட்டிய நடைபாதை.
கேஸ் ஏஜென்சியைப் பூட்டிவிட்டு
தாவீதும் நானும்.
"எழில்" என்றான், ழவைத் தவறவிடாதவன்.
"உங்க வீட்ல வந்து பேசட்டுமா?"

முன்னால் ஒரு கல் ஆடியது.
கல்லைத்தான் முதலில் பார்த்தேன்.
பிறகு ஓர் இளநீர் மட்டை.
பிறகு கேபிள் சுருள்,
அதற்குள் தூங்கும் நாயின் வால்.
பதினோரு அடி.
பன்னிரண்டாவதில் தரை சமமாயிற்று,
வாயைத் திறந்தேன்.
"பரவாயில்ல எழில், விடுங்க" என்றவன்
சிவாஜிநகர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.
ஓடும் பஸ்ஸைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு
எல்லாவற்றிலும் அவசரம்.
அடுத்த மாதம் ஒயிட்ஃபீல்டு கிளைக்குப் போய்விட்டான்.

"இதுல ஒரு பிரிண்ட் கிடைக்குமா?"
"ரிப்போர்ட் டாக்டர்தான்..." என்று இழுத்தவள்
கதவைப் பார்த்துவிட்டு
என் போனை வாங்கித் திரையைப் படம் எடுத்துத் தந்தாள்.

பட்டை பிய்த்த இடங்கள் எரிந்தன.
லிஃப்ட். காவலாளி. வெயில்.
பஸ் நிறுத்தத்து இரும்புக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து
இரண்டு காலுக்கும் லீவு கொடுத்துவிட்டு
நம்பரைப் போட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தான்.
பின்னால் ஹாரன்கள்,
யாரோ யாரையோ கன்னடத்தில் திட்டுகிறார்கள்.
"தாவீது, நான் இப்போ நிக்கிறேன்.
அன்னைக்குக் கேட்டதை
இன்னொரு தரம் கேளுங்க."

"எழில்? இருங்க இருங்க,
ரோட்டைத் தாண்டிட்டுப் பேசறேன்."

காதில் அவன் மூச்சு, செருப்புச் சத்தம்,
பிரேக் போடும் ஏதோ ஒரு லாரி.
எழுபத்திரண்டில் ஏழு போனால்
அறுபத்தைந்து.
ஐம்பத்தெட்டு.