வழியில் உருகியது

ஹெனெஸ் தலகாய் மேயர் ஆவதற்கு முன்
பதினெட்டு வருடம் ஐஸ் விற்றார்.
கணக்கு எழுதியவள் நான்.

ஒரு பாளம் ஐம்பது கிலோ.
உமி தூவி, சாக்குச் சுற்றி,
மூன்று சக்கர வண்டியில்
லிபாகன் படகுத்துறை போய்ச் சேரும்போது
நாற்பத்திரண்டு.
அந்த எட்டுக் கிலோ யார் தலையில்?
"வாங்கினவன் தலையில்," என்பார்.
"வெயில் என் வேலைக்காரன் இல்லை, சலுத்.
அவனுக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை."

மீன் வந்தால் காசு.
மீன் வராத மாதங்களில்
பக்கங்கள் மட்டும் வளரும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்
என் பேரேட்டில் குடியிருந்தன.
பற்று என்று தலைப்பிட்ட பத்தியில்
யாருக்கு யார்மேல் பற்று
என்று நான் கேட்டதில்லை.

தேர்தல் அவர் யோசனை இல்லை.
மைத்துனர் ஃபௌஸ்தோ ஒரு மதியம்
வறுத்த மீன் தின்ற விரலோடு
பேரேட்டைப் புரட்டினார்.
"மச்சான், இதுவா கடன் புத்தகம்?
இது வாக்காளர் பட்டியல்."

பிளாசாவில், கோவில் மணி அடித்து ஓய்ந்த பின்,
எல்லோர் முன்பும் அதை எரித்தார்.
பந்தலியோனா என்கிற விதவை
அவர் கையைப் பிடித்து அழுதாள்.
பட்டாசு. பன்றிக்கறி. சிவப்புச் சட்டைகள்.
எரிந்தது அசல்தான், சத்தியம்.
நகல் என் அலமாரியில் இருந்தது,
இரண்டு இரவு கண்விழித்து எழுதியது,
அவர் சொல்லித்தான்.

மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது.
பிரசவ வலி எடுத்தவளை
ஐஸ் லாரியில் ஏற்றி
மாகாண ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டியிருக்கிறார்.
எந்தச் சாவு வீட்டிலும்
ஓர் உறை வைத்துவிட்டு
சீட்டாட உட்கார்ந்துவிடுவார், விடியும் வரை.
செத்தவன் பெயர், அப்பன் பெயர், படகின் பெயர்
எல்லாம் தெரியும் அவருக்கு.
எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

கூடைப்பந்துத் திடலுக்குக் கூரை போட்டார்.
தலகாய் என்று அதன் மேல் எழுதச் சொன்னார்,
விமானத்தில் போகிறவன் படிக்கும் அளவுக்கு.
எங்கள் ஊர் மேலே விமானம் போவதில்லை.

பன்னிரண்டு கிலோமீட்டர் சாலைக்குப் பணம் வந்தது.
ஒன்பதில் சாலை நின்றது,
அதற்கப்பால் சேறும் எருமையும்.
மன்றக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து கேட்டான்.
மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வழியில் உருகியது," என்றார்.
மண்டபம் குலுங்கியது சிரிப்பில்.
நானும் சிரித்தேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இந்தக் கணக்கு தவறிவிடும்.

பிறகு அந்த நவம்பர்.
கடல் எழுந்து வந்து
ஊரை ஒருமுறை படித்துவிட்டு மூடியது.
மின்சாரம் இல்லை.
மேட்டிலிருந்த ஐஸ் ஆலையில் மட்டும்
டீசல் இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது.
பள்ளிக்கூட வகுப்பறையில்
பெஞ்சுகளை ஒதுக்கி
அவர்களைக் கிடத்தியிருந்தார்கள்.
நான்கு இரவு, வெறுங்காலோடு,
கொக்கி போட்டுப் பாளங்களை
அவரே இழுத்தார்.
அறுபத்தொரு பாளம்.
பேனாவோடு நின்ற நான்
பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்:
"யார் பெயரில் எழுத?"
பதில் வரவில்லை.
எண்ணை எழுதினேன்.
பெயர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டேன்.

அடுத்த தேர்தலில்
நாற்பத்தேழு வாக்கில் தோற்றார்.
நகல் இருக்கும் சங்கதியை
யாரோ வெளியில் சொல்லியிருக்கிறார்கள்.
நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது மறுபடி ஐஸ்.
சரிவு மேடையில் உட்கார்ந்து
பாளங்கள் போவதைப் பார்க்கிறார்,
விலை கேட்டால் என்னைக் காட்டுகிறார்.

போன வாரம் தணிக்கை அலுவலகத்திலிருந்து
ஒரு பெண் வந்தாள்.
புதுச் செருப்பு, அதில் எங்கள் சேறு.
மூன்று கிலோமீட்டர் எங்கே என்றாள்.
அலமாரியைத் திறந்து
பேரேட்டை அவள் முன் வைத்தேன்.
புரட்டினாள், புரட்டினாள்,
பெயரில்லாத பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.
"அம்மா, இது ஐஸ் கணக்கு," என்றாள்.

ஆமாம், என்றேன்,
ஐஸ் கணக்குதான்.