ஐம்பது என்றாலே போதும்

யாகூத்ஸ்கில் காலை ஒன்பதரைக்கும் இருட்டு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி
கணினியைத் திறக்கிறாள் துயாரா.
திரையில் பதினெட்டு ஆண்டுக் கோடு:
ஆறு மீட்டர் ஆழத்தில், துளைக்குள் இறக்கிய உணரி
மாதாமாதம் சொல்லிவந்த மண்ணின் வெப்பம்.

கோட்டில் குற்றமில்லை.
தலைப்பில்தான் ஓட்டை.
'இர்பெத் தோங்' என்று எழுதியிருந்தாள்,
உருகாத உறைநிலம்.
மூக்கில் போய் முடியும் அந்தக் கடைசி 'ங்'
வெறும் சதுரமாய் நின்றது.
'ஏரிக்கு அப்பால்' என்று பொருள்படும்
ஊர்ப் பெயரில் மட்டும் மூன்று சதுரம்.
ருஷ்ய எழுத்துகள் முழுசாய் வந்திருக்க
சாகா எழுத்துகளின் இடத்தில்
ஆளில்லாக் குடியிருப்பின் ஜன்னல்கள்.

ருஷ்யத்திலேயே போட்டுவிடேன் என்றார் அறைத் தோழர்.
அவள் பதில் சொல்லவில்லை.
சனிக்கிழமை அந்த ஊரில் கூட்டம்.
பள்ளியை எங்கே மாற்றிக் கட்டுவது என்று
டீசல் நிலையத்து ஆளும்
குதிரை வளர்ப்பவர்களும் கேட்கப்போகிறார்கள்.

எர்ச்சிம் வரைந்த எழுத்துருவை இறக்கினாள்.
பாதை கொடுத்தாள்.
'கிடைக்கவில்லை, வழக்கமானதே போதும்'
என்றது நிரல், அரசு அலுவலக எழுத்தர்போல.
கோப்புக்கு ஒரு பெயர், குடும்பத்துக்கு வேறு பெயர்;
அதைக் கண்டுபிடிக்க மதியம் ஆயிற்று.
பிறகும் அசையவில்லை:
மறைகோப்புறை ஒன்றில் பழைய பட்டியலை
பத்திரமாய் வைத்துக்கொண்டு
அதையே பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறது.
அழித்தாள். மூடித் திறந்தாள்.

வந்தது. ஊர் வந்தது,
கொக்கி வைத்த 'ங்' வந்தது.
தேநீர் போட எழுந்தவள்
பாதியில் நின்றாள்.
அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் அச்சில் பிழை:
செங்குத்து அச்சின் எண்களுக்கு முன்னால்
இப்போது சதுரங்கள்.
□4. □3. □2.
கழித்தல் குறி இல்லை.

எர்ச்சிம் தொலைபேசியில் சிரித்தான்.
"அரிச்சுவடிக்கு வரைந்தது அக்கா.
தவிர, இங்கே யார் மைனஸ் சொல்கிறார்கள்?
நேற்று ஐம்பது என்றால் ஐம்பதுதான்.
பள்ளி விடுமுறையும் அப்படித்தானே அறிவிக்கிறார்கள்."

உண்மைதான்.
அவளும் காலையில் வெளியே எவ்வளவு என்று கேட்ட மகனிடம்
நாற்பத்தெட்டு என்றுதான் சொன்னாள்.
அவனும் இரண்டாவது காலுறையை எடுத்தான்.

இணைப்புக்கோடு போட்டுக்கொள் என்று
நிரலுக்கு ஒரு வரி சொன்னால் தீரும்.
சொல்லிப் பார்த்தாள்.
மயிரிழை நீளம்,
மன்றத்தின் மூன்றாம் வரிசைக்குத் தெரியாது.
அந்த ஆழத்தில்
முதலாண்டில் மூன்று புள்ளி நான்கு, குறியோடு.
போன ஆண்டு சைபர் புள்ளி மூன்று, குறியோடு.
சைபர் புள்ளி மூன்றுக்குக் குறி முக்கியம்.
அது இருந்தால் பாறைபோல் நிலம்,
அது போனால் கஞ்சி.

எழுத்துரு திருத்தியைத் திறந்து
கூட்டல் குறியை எடுத்தாள்.
நிமிர்ந்த கோட்டை நீக்கினாள்.
மீந்ததைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் தடித்து,
எர்ச்சிமின் வளைந்த முனைக்குத் தக்கபடி
இரு ஓரத்தையும் மழுக்கினாள்.
பழைய பட்டியலை மறுபடி அழித்தாள்.

அச்சுப்பொறி நீளத் தாளைத் துப்பத் துப்ப
குனிந்து, வலது ஓரத்தைப் பார்த்தாள்.
எல்லா எழுத்தும் இருந்தன.
மேலே மூன்று மீட்டர் ஆழத்துக்கான சின்னக் கோட்டில்
கடைசி இரண்டு புள்ளிகளுக்கு
அவள் வரைந்த குறி தேவைப்படவில்லை.
தாளைச் சுருட்டி, ரப்பர் பட்டை தேடினாள்.
வெளியே பேருந்து
இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.