நாலு இடம்

ஒட்டுசுட்டான் றோட்டில் காற்றுப் போனது,
வலப்பக்கப் பின் சில்லு.
ஏற்றி வந்தது பத்துப் பெட்டி கத்தரிக்காயும்
அதன் சொந்தக்காரன் ஞானசீலனும்.
பின்கதவுக்குக் கீழே ஜக்கைத் தள்ளிச் சுழற்றினேன்.
கார் எழும்பவில்லை.
ஜக் மட்டும் எழும்பியது,
கறள் தின்ற தகட்டைக் கிழித்துக்கொண்டு
பின்சீற்றின் காலடி வரைக்கும்.
பிறகு எல்லாம் ஒரேயடியாய் இறங்கியது.
ஞானசீலன் கையை வெளியே எடுத்திருந்தான்,
ஒரு நுளம்பை அடிக்க.
நுளம்புக்கு நன்றி சொன்ன ஒரே நாள்.

மாங்குளத்தில் ரெஜினோல்டின் கராச்.
தறப்பாள் கூரை, முதிரைக் கப்பு, நடுவில் ஒரு குழி.
அந்தக் குழி முதலில் காருக்காக வெட்டப்பட்டதல்ல.
அறுபத்திரண்டாம் ஆண்டுக் கேம்பிறிட்ஜ் என்றதும்
சிரித்தான்.
பிறகு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
குழிக்குள் இறங்கி
சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டான்.
நல்ல இரும்பு திருப்பிப் பேசும்.
கறள் பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும்.
தேத்தண்ணி ஆறிப் போகும்வரை தட்டினான்.
சோக்கால் வட்டம் போட்டான்,
பக்கத்துக்கு இரண்டாய் நாலு.

"அக்கா, எல்லா இடமும் தாங்காது.
தாங்கிற இடம் கொஞ்சம்தான்.
அதைக் கண்டுபிடிச்சுத்தான் தூக்கவேணும்."

பற்றறியைக் கழற்றினான்.
பெற்றோல் ராங்கியை இறக்கி வேலிக்கு அப்பால் வைத்தான்.
உக்கியதை வெட்டி எறிந்தான்.
மூன்று மில்லிமீற்றர் தகடு, இரண்டு உள்ளங்கை அகலம்,
மூலைகள் வட்டமாய்;
கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்குமாம்.
அதன்மேல் சதுரக் குழாய் ஒரு சாண்,
குறுக்குச் சட்டத்தோடு முக்கோணத் தகட்டால் கட்டி,
மழைத்தண்ணீர் வடிய அடியில் ஒரு துவாரம்.
ஒரு விரற்கடை ஒட்டுவான்,
விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவான்.
ஒரேயடியாய்ச் சூடாக்கினால் வளைந்துவிடும்.

நான் மறுபக்கம் திரும்பி இருந்தேன்.
எதிர்ச் சுவரில் வெளிச்சம் வெட்டி வெட்டிப் போனது.
எனக்கு அந்த வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது.

என்னைத் தூக்கியவர்கள் மூன்று பேர்.
முகம் தெரியாது.
ஓட்டத்தில் தூக்கினார்கள்.
கையில் அகப்பட்டது என் வலக்கை,
அதைப் பிடித்து இழுத்து
உழவியந்திரப் பெட்டியில் போட்டார்கள்.
அவர்கள் தூக்கியதால் இருக்கிறேன்.
அன்றிலிருந்து தோள் சரியாய்ப் பூட்டுவதில்லை,
சட்டம் வளைந்த காரின் கதவு மாதிரி.
குற்றமாய்ச் சொல்லவில்லை.
தட்டிப் பார்க்க
யாருக்கு நேரம் இருந்தது?

பின்னேரம் சோதனை.
ஜக்கின் கொழுவியைக் குழாய்க்குள் செருகிச் சுழற்றினான்.
கார் ஒருமுறை முனகியது.
பிறகு பேசாமல் எழும்பியது,
பின் சில்லு நிலத்தைவிட்டு நாலு விரல்.
"கதவைத் திறவுங்கோ." திறந்தேன்.
"சாத்துங்கோ."
டக்.
இன்னொருக்கால் சாத்தினேன். தேவையில்லை,
ஆனாலும்.

"ஜக்கை மட்டும் நம்பி அடியிலை போகாதேங்கோ" என்று
முட்டுக் கொடுக்க இரண்டு முதிரைக் கட்டை தந்தான்,
அதற்கும் காசு.
சிவப்பு மை காய்ந்தபின்
மூலையில் கிடந்த மஞ்சள் பெயின்றை எடுத்து
நாலு இடத்துக்கும் மேலே
அம்புக்குறி போட்டேன்.
இடக்கையால் போட்டது, கோழிக்கால் மாதிரி வந்தது.
பக்கத்தில் எழுதினேன்:
இங்கே.

"உங்களுக்குத் தெரியும்தானே, பிறகேன்?" என்றான்.
"தூக்கிறது எப்பவும்
வழியாலை போற ஆக்கள்தானே" என்றேன்.
என் தோளை ஒருதரம் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
காசை எண்ணி
ஐந்நூறைத் திருப்பித் தந்தான்,
பெயின்ற் கணக்கில் இல்லையாம்.