உள்ளங்கை ஆழம்

டெமுக்காவில், மழைக்கு மறுநாள்,
ஆட்டுரோமக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது படகு.
என்னைவிட இரண்டு வயது இளையது.
“போன வருஷம்தான் இன்ஜின் பிரித்துப் பார்த்தது” என்றார் மர்டாக்.
எந்த வருஷத்துக்குப் போன வருஷம் என்று கேட்கவில்லை.

“இம்பெல்லரைத் தொட்டுப் பாரும்மா.”
கூழாங்கல் கடித்த விளிம்பு.
தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன்.
அந்தத் தலையாட்டலுக்கு எண்ணூறு டாலர் கூடுதல்.

ரக்காயா அங்கே
பிரித்துப் போட்ட சடை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
இதற்கு ஆழமே வேண்டாம்,
உள்ளங்கை அளவு தண்ணீர் போதும்,
வேகம் மட்டும் குறையக்கூடாது.

கல்திட்டு எதிரே வந்தது.
காரில் விடுவது போல
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
ஸ்டியரிங் திரும்பியது.
படகு திரும்பவில்லை.

இப்போது கணுக்கால் தண்ணீரில் நின்று
உறிஞ்சிய கற்களை
ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கிறேன்.
இன்ஜின் மூடியின் உட்புறம்
சிவப்பு பெயிண்ட்டில், கோணல் எழுத்தில்:
பயந்தால் அழுத்து, மேவிஸ்.

மேவிஸ் பற்றி
மர்டாக் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பதினேழாவது கல்.
இன்னும் உள்ளே ஏதோ உருள்கிறது.