அரைப்பேர்

விஸ்கொன்சினில் மாலை ஐந்தரை.
ஹட்டனில் விடிகாலை ஐந்து.
நகைக்கடைக்கு மேல்மாடியில், காதில் கருவி மாட்டிய
பதினான்கு பேர்
ஒரு மாநிலத்தின் இராச்சாப்பாட்டைக்
கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நான் மேகன்.
வீட்டில் தவச்செல்வி.
மேகனுக்குக் குளிராது. ஊர் கிடையாது.
உறுதியாகவா, ஓரளவுக்கா, இன்னும் முடிவில்லையா
என்பதைத் தாண்டி
அவளுக்குப் பேச்சும் கிடையாது.

திருமதி ஹால்வர்சன் எடுத்தார்.
'இன்றைக்கு நீ பதினோராவது ஆள், பெண்ணே.
கதவிடுக்கில் நோட்டீஸ், தபாலில் நோட்டீஸ்,
பால் கறக்கும்போது ரேடியோவிலும் அவர்கள்தான்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், மினசோட்டாவில், என் தங்கை.
அவளை ஒருத்தனும் கேட்பதில்லை.
அங்கே என்ன நடக்குமென்று
எல்லாருக்கும் முன்பே தெரியுமாம்.'

திரையில் எழுதித் தந்திருந்த வசனத்தில்
இதற்குப் பதில் இல்லை.
'ஓ' என்றேன்.

அந்தத் தங்கையை எனக்குத் தெரியும்.
எங்கள் மேல்கணக்குதான் அவள்.
பிறந்ததிலிருந்து ஒரே சின்னத்துக்குப் புள்ளடி போடும்
நாலு லயம்.
ஓட்டுக் கேட்டு வருகிறவர்
கீழ்க்கணக்கோடு ஜீப்பைத் திருப்பிக்கொள்வார்.
கீழே இரண்டு சங்கமாய் ஆட்கள் உடைந்த வருஷம்தான்
பாலம் வந்தது, கூரைத் தகரம் வந்தது,
ஏழு பேர்ச் காணிக்குக்
கயிறு பிடித்துக்கூடப் பார்த்தார்கள்.
எங்களுக்குக் கைகூப்பிய படம் ஒன்று.
மழையில் உரிந்ததை எடுத்து
கோழிக்கூட்டுக்கு மறைப்புக் கட்டினோம்.

பயிற்சி வகுப்பில் டில்ருக்ஷன் சேர் சொன்னார்:
அங்கே நாடு முழுக்கக் கூட்டிப் பார்ப்பதில்லை.
மாநிலம் மாநிலமாய்த்தான் கணக்கு.
இரண்டு மாநிலம் தவிர மற்ற எல்லாவற்றிலும்
ஒரு வாக்கு கூடினால் போதும்,
விஸ்கொன்சினின் பத்தும் ஒருவருக்கே.
தோற்றவருக்கு விழுந்த பதினாறு லட்சமோ என்னவோ,
அது பூச்சியம்.
இப்படியும் ஒரு கணக்கா என்று
வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அம்மாவுக்கு நோம் பதினெட்டுக் கிலோ.
நேற்றுத் தராசில் நின்றது பதினெட்டரை.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு அரை,
கணக்கப்பிள்ளை வாயாலேயே கழித்தார்.
பதினேழு.
பதினேழு கிலோவும்
ஒரு இலை குறையாமல் ஸ்டோருக்குப் போனது.
செக்ரோலில் அங்கம்மாள் என்பதற்கு நேரே
அரைப்பேர்.

'அங்கே என்ன சத்தம்?' என்றார் திருமதி ஹால்வர்சன்.
கீழே பஸ் கொண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறான்:
நோர்வூட், நோர்வூட், பொகவந்தலாவ!
'நோர்வூட்டா? மாசசூசெட்ஸில் இருக்கிறதே, அதுவா?
பாவம், அங்கேயும் யாரும்
போன் பண்ணமாட்டார்களே.'

ஆமாம் என்று மேகன் சொன்னாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.
'முடிவெல்லாம் ஏப்ரலிலேயே எடுத்தாச்சு.
சொன்னால் நாளைக்கு நீங்கள் யாரும் வரமாட்டீர்கள்.
இன்னும் முடிவில்லை என்றே போட்டுக்கொள்.'
போட்டேன்.

ஒன்பது மணிக்குக் கீழ்க்கணக்குச் சந்தியில் இறங்கினால்
புதுவெள்ளை ஜீப். பிரதேச சபைக்கு நிற்கிறவரின் ஆள்.
'மேலே எப்படித் தங்கச்சி, வழக்கம்போலத்தானே?'
'தெரியல. இன்னும் முடிவில்ல' என்றேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.
எங்கள் மலையை அண்ணாந்து பார்த்தான்,
அங்கே ஒன்று இருப்பதை
இப்போதுதான் யாரோ காட்டியதுபோல.
ஜீப் மேலே ஏறியது.

முதல் வளைவிலேயே
அச்சு வரை சேற்றில் புதைந்தது.
ரோட்டோர மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களைக்
கைதட்டிக் கூப்பிட்டான்,
தள்ளிவிட.

கூடையை இறக்காமலே அம்மா கேட்டாள்:
'முழுப்பேரா போடுவீங்களா?'